அன்லிமிடெட் ஹோஸ்டிங், கோட்டா ஹோஸ்டிங்: இரண்டிலும் பல வருடம் தளம் நடத்திய அனுபவம்

ஹோஸ்டிங் என்பது நம் தளத்தை வைத்து ஓட்ட சர்வரில் இடம் வாடகைக்குத் தரும் சேவை. என் தளங்கள் பல வருடம், இடத்துக்கும் டேட்டாவுக்கும் எல்லை இல்லை என்று விற்கும் அன்லிமிடெட் பிளானில் ஓடின. பிறகு இத்தனை ஜிபி இடம், மாதத்துக்கு இத்தனை ஜிபி டிரான்ஸ்ஃபர் (தளத்திலிருந்து வெளியே போகும் டேட்டா) என்று அளந்து கொடுக்கும் கோட்டா பிளானுக்கு மாறினேன். அங்கேயும் பல வருடம் ஆகிவிட்டது. தளங்கள் அதேதான், வருகிறவர்கள் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதேதான். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச எனக்குக் கொஞ்சம் விஷயம் சேர்ந்திருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்லிமிடெட் பிளானிலும் கோட்டா உண்டு. டிஸ்க், பேண்ட்வித் (அதாவது டிரான்ஸ்ஃபர்) என்ற இரண்டு இடத்தில் மட்டும் அதை எடுத்துவிட்டு, வாங்குகிறவர் கண்ணில் படாத நான்கைந்து இடங்களில் வைத்திருப்பார்கள். எல்லாக் கணக்கையும் வெளிப்படையாக எழுதித் தருகிற பிளான்தான் தளம் நடத்துகிறவருக்கு நல்லது என்பது என் கருத்து. அன்லிமிடெட் பொருந்துகிற இடமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் கையில் இருப்பவை மூன்று தளங்கள். ஒன்று வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் ஓடும் கட்டுரைத் தளம். இரண்டாவது பறவைப் படங்களின் தொகுப்பு, அதுவும் வேர்ட்பிரஸ்தான். மூன்றாவது ஒரு சிறு அமைப்பின் உறுப்பினர் தளம், சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஹெச்பியில் பழைய பாணியில் எழுதப்பட்டது. அந்த அமைப்பின் நிர்வாகிகளுடைய மின்னஞ்சல் பெட்டிகளும் அதே கணக்கில்தான் இருந்தன. இவை தவிர, நாலைந்து பக்கம் மட்டுமே கொண்ட உதிரித் தளங்கள் சில.

அன்லிமிடெட் பிளானில் முதல் சில வருடம் எந்தப் பிரச்சினையும் இல்லை. இதை நியாயமாகச் சொல்ல வேண்டும். தளம் எழுந்து நின்றது, மெயில் போனது, வந்தது, சர்வர் படுத்துக்கொண்டதும் குறைவு. டிஸ்க் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கவே வேண்டியதில்லை. சிபேனலில் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் திரை) டிஸ்க் பயன்பாட்டுக்கு எதிரே அந்த படுத்த எட்டு வடிவக் குறி இருக்கும். படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றலாம், பழைய பதிப்பை அழிக்காமல் வைத்துக்கொள்ளலாம். மனதுக்கு அது ஒரு நிம்மதிதான்.

முதலில் முட்டிக்கொண்டது பறவைத் தளம். புதிதாக எடுத்த படங்களை ஏற்றப் போனால் பாதியில் நின்றுவிட்டது. பிழைச் செய்தி சொன்னது: டிஸ்க் கோட்டா தாண்டிவிட்டது. அதே திரையின் ஓரத்தில் டிஸ்க்குக்கு எதிரே எல்லையில்லை என்ற குறி. இரண்டும் ஒரே பக்கத்தில்! சப்போர்ட்டில் கேட்ட பிறகுதான் விளங்கியது, தாண்டியது ஜிபி அல்ல, ஐநோடு.

ஐநோடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்லிமிடெட் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் இடிபடுவது இங்கேதான். லினக்ஸ் சர்வரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு ஐநோடு செலவாகும். ஃபைல் ஒரு கேபியாக இருந்தாலும் ஒரு ஜிபியாக இருந்தாலும் ஒன்றுதான். அதாவது அது எடையைப் பார்க்காது, தலையை எண்ணும். லினக்ஸில் கோட்டா வைக்கும்போது, இடத்துக்குத் தனியாக, ஃபைல் எண்ணிக்கைக்குத் தனியாக எல்லை போடலாம். எதைத் தாண்டினாலும் சர்வர் சொல்வது ஒரே வாசகம்தான். என் திரையில் வந்தது அதுதான். அன்லிமிடெட் பிளான்களின் விதிமுறைகளில் இரண்டு லட்சம், இரண்டரை லட்சம் என்று இந்த எண் எங்காவது ஒரு பத்தியில் இருக்கும். விளம்பரப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்காது.

இரண்டரை லட்சம் ஃபைல் என்றால் நிறைய என்று தோன்றும். எண்ணிப் பார்த்தால் அப்படி இல்லை. வேர்ட்பிரஸ்ஸில் ஒரு படத்தை ஏற்றினால் அது ஒரு படமாக நிற்பதில்லை. 150, 300, 768, 1024 பிக்சல் என்று வரிசையாகப் பிரதிகள் எடுத்துக்கொள்ளும். 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து 1536, 2048 என்று இன்னும் இரண்டு சேர்ந்தன. மூலப்படம் 2560 பிக்சலைத் தாண்டியிருந்தால் அந்த அளவுக்குச் சுருக்கிய ஒரு பிரதியும் உண்டு. ஆக, கேமராவிலிருந்து நேராக ஏற்றிய ஒரு படம் மூலத்தோடு சேர்த்து 8 ஃபைல். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் தன் பங்குக்கு மூன்று நான்கு அளவுகளைச் சேர்க்கும். படத்தை வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாற்றும் பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் நிரல்) போட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி. ஒரு படத்துக்கு இருபது ஃபைல் சர்வசாதாரணம். பத்தாயிரம் படம் இருந்தால் கணக்கு முடிந்தது.

அப்புறம் மெயில். பெரும்பாலான ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பல கணக்குகள் பகிர்ந்துகொள்ளும் வகை) மெயிலைச் சேமிப்பது மெயில்டிர் முறையில். அதில் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனி ஃபைல். பத்து வருட மெயிலை அழிக்காமல் வைத்திருக்கும் நிர்வாகி ஒருவர் போதும், அவர் பெட்டி மட்டுமே பல்லாயிரம் ஐநோடுகளை எடுத்துக்கொள்ளும். தயாரான பக்கங்களைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளகின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஹெச்டிஎம்எல், அதன் அமுக்கிய பிரதி ஒன்று என்று எழுதித் தள்ளும். தளத்தை வேகப்படுத்தப் போட்ட பிளகினே ஃபைல் எண்ணிக்கையை ஏற்றிவிடும். இதெல்லாம் சேர்ந்தும் என் கணக்கில் மொத்த இடம் சில பத்து ஜிபிதான். எல்லையில்லாத டிஸ்க்கில் மிகச் சொற்பமான இடத்தை எடுத்துக்கொண்ட நிலையிலேயே கதவு மூடிவிட்டது.

இரண்டாவது அடி வேறு திசையில் வந்தது. கட்டுரைத் தளத்தில் ஒரு கட்டுரையை நிறையப் பேர் ஒரே மாலையில் பகிர்ந்தார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் பார்த்தது 508 என்ற பிழைப் பக்கத்தை. கணக்குக்கான வளம் எல்லையைத் தொட்டுவிட்டது என்பது அதன் பொருள். இரவு கூட்டம் குறைந்த பிறகுதான் தளம் சரியானது. படிக்க வந்தவர்கள் திரும்பிப் போனது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

508-க்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கிளவுட்லினக்ஸ். 2010-இல் வந்த இந்த இயங்குதளம் ஷேர்டு ஹோஸ்டிங்குக்காகவே உருவானது. ஒவ்வொரு கணக்கையும் தனித்தனிக் கூண்டில் வைத்து சிபியு, மெமரி, டிஸ்க் படிக்கும் வேகம், ஒரே நேரத்தில் ஓடும் புரோசஸ் எண்ணிக்கை என்று எல்லாவற்றுக்கும் எல்லை போடும். இது வருவதற்கு முன் ஒரே சர்வரில் ஒருவர் தளம் எகிறினால் மற்ற எல்லோர் தளமும் தள்ளாடும். அந்த வகையில் இது நல்ல ஏற்பாடு, நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். பக்கத்துக் கணக்கின் குழப்பத்திலிருந்து என்னைக் காப்பாற்றுவதும் அதுதான்.

இதில் என்ட்ரி புரோசஸ் என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தலைவலி குறையும். ஒரே நேரத்தில் எத்தனை பிஹெச்பி கோரிக்கைகளுக்கு உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம் என்பதன் எல்லை அது. கிளவுட்லினக்ஸின் இயல்பான அமைப்பில் 20. இதைப் பார்த்துவிட்டு, 20 பேர்தான் தளத்தைப் பார்க்க முடியும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு பக்கம் அரை நொடியில் தயாராகிவிட்டால் அந்த 20 இடத்தில் நொடிக்கு 40 பக்கம் கொடுக்கலாம், அது பெரிய கூட்டம். அதே பக்கம் 5 நொடி எடுத்தால் நொடிக்கு 4 பக்கம்தான். ஐந்தாவது ஆளிலிருந்து வரிசை நீளும், வரிசை 20-ஐத் தொட்டால் 508. மெதுவான தளம் கூட்டத்தைத் தாங்காது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். சிபியு எல்லையைத் தொட்டால் பிழை வராது, தளம் இழுத்துக்கொண்டு ஓடும். அப்படி இழுக்கும்போது பக்கங்கள் நேரம் எடுத்து, என்ட்ரி புரோசஸ் நிரம்பி, அது 508-இல் போய் முடியும். மெமரி எல்லையைத் தாண்டினால் 500 அல்லது 503. இந்த மூன்று எண்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், எந்த எல்லை இடித்தது என்று சப்போர்ட்டிடம் கேட்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

அன்று மாலை முழுக்க வெளியே போன டேட்டா மிகக் குறைவு. அரை எம்பி எடையுள்ள பக்கத்தை ஒரு லட்சம் தடவை பார்த்தாலே 50 ஜிபிதான் ஆகும், என் தளத்துக்கு வந்தது அதில் ஒரு சிறு பங்கு. எனக்கு எல்லையில்லாமல் கொடுத்திருந்தது பேண்ட்வித், தேவைப்பட்டது சிபியு.

அதன்பின் நடந்த டிக்கெட் (சப்போர்ட்டுக்கு எழுதிப் போடும் கேள்வி) பரிமாற்றம்தான் என்னை மாற வைத்தது. உங்கள் கணக்கு வளங்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறது, மேல் பிளானுக்கு மாறுங்கள் என்று பதில் வந்தது. 'எந்த வளம், எல்லை எவ்வளவு, நான் தொட்டது எவ்வளவு என்று எண்ணில் சொல்ல முடியுமா சார்?' என்று கேட்டேன். 'சாதாரணமான ஒரு தளத்தின் இயல்பான பயன்பாட்டுக்கு உட்பட்டே இந்த பிளான் வழங்கப்படுகிறது சார், எங்கள் விதிமுறையின் இந்தப் பிரிவைப் பாருங்கள்' என்று வந்தது. அந்தப் பிரிவிலும் எண் இல்லை. பதில் எழுதியவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர் கையிலும் எண் இருந்திருக்காது. மேல் பிளானில் எல்லை எவ்வளவு கூடும் என்று கேட்டதற்கும் 'இன்னும் அதிக வளம் கிடைக்கும்' என்பதுதான் பதில். எவ்வளவு கூடும் என்று தெரியாமல் எதற்காகப் பணம் கட்டுவது? கோட்டாவில் எனக்கு நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான். எண் இருந்தால் நான் என் தளத்தை அதற்குள் அடக்கப் பார்ப்பேன், முடியாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போவேன்.

ஹோஸ்டிங் நடத்துகிறவர்கள் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். நூலகத்தில் நாற்காலி நூறு இருக்கும், உறுப்பினர்கள் பல ஆயிரம் இருப்பார்கள். எல்லோரும் ஒரே நாளில் வருவதில்லை என்பதால் அது நடக்கிறது. ஷேர்டு ஹோஸ்டிங்கும் அப்படித்தான். பெரும்பாலான கணக்குகள் சில நூறு எம்பிகூடத் தொடாது, வாங்கிப் போட்டுவிட்டுத் தளமே தொடங்காதவர்களும் உண்டு. அந்த மிச்சத்தை நம்பித்தான் மற்றவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

பேண்ட்வித்தில் இது இன்னும் தெளிவு. நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) இணைப்பை மாதம் முழுக்க இடைவிடாமல் நிரப்பினால் ஏறக்குறைய 32 டிபி போகும். ஒரு சாதாரணத் தளம் அதன் பக்கத்தில்கூடப் போகாது. டேட்டா சென்டர்களில் பெரிய இணைப்புக்குப் பணம் கட்டும் வழக்கமான முறைகளில் ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து, மாதக் கடைசியில் உச்சத்திலிருக்கும் 5 சதவீத அளவுகளைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் அளவுக்குக் காசு வாங்குவது. 30 நாள் மாதத்தில் அந்த 5 சதவீதம் என்பது 36 மணி நேரம். ஆக, ஒரு மாலையில் என் தளத்துக்குக் கூட்டம் வந்து போனதால் இணைப்புச் செலவு பெரிதாகக் கூடிவிடாது. பேண்ட்வித்தை எல்லையில்லாமல் தருவது அவர்களுக்கு எளிது. சிபியுவையும் மெமரியையும் அப்படித் தர முடியாது, ஏனென்றால் அது அந்த நொடியில் வேறு ஒருவரிடமிருந்து எடுத்துத்தான் தர வேண்டும்.

டிஸ்க் விஷயத்தில், பெரிய நிறுவனங்களே வாக்கைத் திரும்ப வாங்கியிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2014 அக்டோபரில் ஒன்டிரைவில் எல்லையில்லா இடம் என்று அறிவித்தது. சிலர் 75 டிபிக்கு மேல் நிரப்பிவிட்டார்கள் என்று சொல்லி அடுத்த வருடம் நவம்பரிலேயே நிறுத்தியது. அமேசான் டிரைவ் 2015-இல் தொடங்கியதை 2017-இல் விட்டது. கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் புதிய படங்களை 15 ஜிபி கணக்கில் சேர்க்க ஆரம்பித்தது. டிராப்பாக்ஸ் 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. இவை ஹோஸ்டிங் அல்ல, சேமிப்புச் சேவைகள். ஆனால் பின்னால் இருக்கும் கணக்கு ஒன்றுதான்: ஒரு சிலர் நிஜமாகவே நிரப்ப ஆரம்பித்தால் மிச்சத்தை நம்பிய ஏற்பாடு நிற்காது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை, போகவிடாமல் ஐநோடு எல்லையே தடுத்துவிடும்.

சரி, கோட்டா பிளானுக்கு வருவோம்.

நான் எடுத்த பிளானில் டிஸ்க், மாத டிரான்ஸ்ஃபர், ஐநோடு, சிபியு, மெமரி, என்ட்ரி புரோசஸ் எல்லாம் வாங்கும் பக்கத்திலேயே எண்ணாக எழுதியிருந்தது. பேனலில் நுழைந்தால் ஒவ்வொன்றுக்கும் வரைபடம். எந்த நாள், எந்த மணிக்கு எது எல்லையைத் தொட்டது என்று தெரியும். இந்த ஒன்றுக்காகவே நான் அங்கே இருக்கிறேன்.

மாறுவதே ஒரு பெரிய வேலையாகத்தான் இருந்தது. எல்லையில்லாத இடத்தில் வருடக்கணக்கில் சேர்த்ததை எடுத்துக்கொண்டு கிளம்புவது சாதாரணமில்லை. பழைய கணக்கில் டிஸ்க் படிக்கும் வேகத்துக்கு நொடிக்கு 1 எம்பி எல்லை இருந்தது. அந்த வேகத்தில் 20 ஜிபியைப் படித்து ஜிப் செய்யவே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் எதுவும் அறுபடாமல் இருந்தால். பகலில் செய்தால் தளமும் சேர்ந்து திணறும். ஃபோல்டர் ஃபோல்டராக, இரவுகளில் இறக்கினேன். சேர்க்கச் சேர்க்க வெளியே வருவது கடினமாகும், இதை அன்லிமிடெட்டின் முக்கியமான குறையாக நான் நினைக்கிறேன். பிளானை ஒப்பிடும்போது யாரும் இதைப் பேசுவதில்லை.

புது இடத்தில் கோட்டாவுக்குள் அடக்க வேண்டும் என்பதால் என்னென்ன இருக்கிறது என்று முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். பிஹெச்பி எச்சரிக்கைகளை வருடக்கணக்கில் எழுதிப் பெருத்த எரர் லாக் ஒன்றே பல ஜிபி. பிளகின் தானாக எடுத்து அங்கேயே வைத்திருந்த பழைய பேக்கப் ஜிப்கள். சோதனைக்காக எடுத்த தளத்தின் முழுப் பிரதி. எப்போதோ மாற்றிவிட்ட தீமுக்காக வெட்டிய பட அளவுகள். இவற்றை நீக்கியதும் கணக்கு பாதிக்கும் கீழே வந்தது. தளமும் வேகமானது. லாக்கில் கொட்டிக்கொண்டிருந்த எச்சரிக்கைகளின் காரணத்தைச் சரிசெய்ததால் வந்த பலன் அது. அளவு இருந்ததால்தான் இந்தச் சுத்தம் நடந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் கோட்டாவில் எல்லாம் இனிப்பு என்று சொல்ல வரவில்லை. டிஸ்க் நிறைந்துபோனால் என்ன ஆகும் என்பதை உறுப்பினர் தளத்தில் நேரிலேயே பார்த்தேன். முதலில் வந்த புகார், 'பாஸ்வேர்ட் சரியாத்தான் போடறேன், மறுபடி மறுபடி உள்நுழையும் பக்கத்துக்கே போகுது' என்பது. செஷன் ஃபைலை எழுத இடம் இல்லை, அதனால் யார் உள்ளே வந்தார் என்பதைத் தளத்தால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதே நேரத்தில் நிர்வாகிகளுக்கு அனுப்பிய மெயில்கள் 5.2.2 என்ற குறியோடு அனுப்பியவருக்கே திரும்பிக்கொண்டிருந்தன, பெட்டி நிறைந்துவிட்டது என்று. கட்டுரைத் தளத்தில் ஒரு பிளகின் அப்டேட் பாதி ஃபைலை எழுதி நின்றது. மூன்றும் ஒரே காரணம்: ஒருவர் பெரிய பெரிய இணைப்புகளை இன்பாக்ஸிலேயே வைத்திருந்தார், மெயிலும் தளமும் ஒரே கோட்டாவைப் பகிர்ந்துகொண்டிருந்தன. பெட்டிக்குப் பெட்டி தனி எல்லை வைத்தபிறகு, நிறைந்தாலும் அந்த ஒரு பெட்டியோடு நின்றுவிடுகிறது. கோட்டா பிளான் எடுப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். முடிந்தால் மெயிலை ஹோஸ்டிங் கணக்கிலிருந்தே பிரித்து வேறு சேவைக்குக் கொண்டுபோய்விடுவது இன்னும் நல்லது.

80 சதவீதத்தைத் தொட்டதும் எச்சரிக்கை மெயில் வந்துவிடும். அந்த மெயில், நிரம்பாத வேறு ஒரு முகவரிக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறைந்த பெட்டிக்கே எச்சரிக்கை அனுப்பிப் பலனில்லை. விபிஎஸ் (நமக்கென்று தனியாகப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்) எடுத்து நாமே கோட்டா அமைப்பதாக இருந்தால், லினக்ஸில் சாஃப்ட், ஹார்ட் என்று இரண்டு எல்லை வைக்கலாம். சாஃப்ட் எல்லையைத் தாண்டினால் வழக்கமாக 7 நாள் அவகாசம் உண்டு, ஹார்டைத் தாண்ட முடியாது. ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் இப்படி ஒரு அவகாசம் கொடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

மாத டிரான்ஸ்ஃபர் கோட்டாதான் இப்போது எனக்கு அதிகம் கவனம் எடுக்கும் விஷயம். காரணம், மனிதர்கள் அல்ல, தளங்களைத் தானாகப் படிக்கும் நிரல்களான பாட்கள். தேடுபொறிகளின் பாட்கள் எப்போதும் உண்டு, அவை வேண்டியவையும்கூட. ஓபன்ஏஐ 2023 ஆகஸ்டில் தன் ஜிபிடிபாட் பற்றி அறிவித்தது. அதற்குப் பிறகு ஏஐ பயிற்சிக்காகத் தளங்களைப் படிக்கும் பாட்கள் வரிசையாக வந்துவிட்டன. பறவைத் தளத்தின் லாக்கைத் திறந்தால் ஒரே படத்தின் எல்லா அளவுகளையும் ஒன்று விடாமல் எடுத்துப்போகும் பாட்களைப் பார்க்கலாம். சர்வருக்கு யார் எடுத்தாலும் ஒன்றுதான், என் கோட்டாவில்தான் கழியும். அன்லிமிடெட்டில் இது டிரான்ஸ்ஃபராகத் தெரியாது, ஆனால் சிபியுவில் அடிக்கும்.

எதைப் படிக்கக் கூடாது என்று பாட்களுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் ஃபைலில் தடை போடலாம். 1994-இலிருந்து இருக்கும் வழக்கம், 2022-இல் முறையான தரநிலையும் ஆகிவிட்டது. ஆனாலும் அது ஒரு வேண்டுகோள்தான், மதிக்கிற பாட் மதிக்கும். மதிக்காததைப் பெயரைப் பார்த்து சர்வரிலேயே தடுத்தேன். வேறு தளங்கள் என் படத்தை நேரடியாக இழுத்துக் காட்டுவதையும் தடுத்தேன், இதற்குப் பேனலிலேயே ஒரு வசதி உண்டு. படங்களுக்கு முன்னால் ஒரு சிடிஎன் வைத்தேன். நிஜமான பலன் தந்தது சிடிஎன்தான். ஒருமுறை எடுத்த படத்தை அது தன்னிடம் வைத்துக்கொண்டு கொடுப்பதால் என் சர்வருக்கு வரும் கோரிக்கைகளே பெருமளவு குறைந்துவிட்டன.

மாதக் கோட்டா தீர்ந்தால் என்ன நடக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் 509 பிழைப் பக்கம் வந்து மாதம் பிறக்கும்வரை தளம் நிற்கும். சில இடங்களில் தளம் ஓடும், கூடுதல் ஜிபிக்குக் காசு ஏறும். சில இடங்களில் வேகம் மட்டும் குறையும். சிறு தளத்துக்கு வேகம் குறைவதுதான் நல்லது என்பேன். காசு ஏறுகிற முறையில், ஒரு பாட் இரவோடு இரவாக வந்து பில்லை ஏற்றிவிட்டால் கேட்க நாதியில்லை. உச்சவரம்பு வைக்கும் வசதி இல்லாத இடத்தில் அப்படி ஒரு பிளானை நான் எடுக்கவே மாட்டேன்.

பேக்கப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய அன்லிமிடெட் கணக்கில் ஒருமுறை அப்டேட் ஒன்றால் தளம் கெட்டுப்போய், நேற்றைய பேக்கப்பை மீட்டுத் தரச் சொன்னேன். ஃபைல் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கணக்குகளைத் தானியங்கிப் பேக்கப் தவிர்த்துவிடும் என்று பதில் வந்தது. என் கணினியில் தனியாக ஒரு பிரதி இருந்ததால் தப்பித்தேன். நிறைய அன்லிமிடெட் விதிமுறைகளில் இப்படி ஒரு பிரிவு உண்டு. அந்த இடத்தைச் சொந்தப் பேக்கப்களைச் சேமிக்கும் கிடங்காகப் பயன்படுத்தக் கூடாது என்ற பிரிவும் கூடவே இருக்கும். கோட்டா பிளானில் கணக்கின் அளவு முன்கூட்டியே தெரியும் என்பதால் எல்லாவற்றையும் பேக்கப் எடுக்க அவர்களால் முடிகிறது. அதற்காக நான் சொந்தமாக எடுப்பதை விடவில்லை.

டேட்டாபேஸ் பக்கமும் எல்லை உண்டு. எத்தனை டேட்டாபேஸ் வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்பார்கள், ஆனால் ஒரு டேட்டாபேஸின் அளவுக்கும் ஒரே நேரத்தில் இணையும் இணைப்புகளுக்கும் வரம்பு இருக்கும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 1203 என்ற பிழை எண் வந்தால் இணைப்புகள் தீர்ந்தன என்று பொருள். மணிக்கு இத்தனை மெயில்தான் அனுப்பலாம் என்பதும் அப்படியே. உறுப்பினர்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் வாங்குவதற்கு முன்பே இந்த எண்ணைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் என் உதிரித் தளங்கள் இன்றும் ஒரு அன்லிமிடெட் கணக்கில்தான் இருக்கின்றன. வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்கள், பிஹெச்பி இல்லை, டேட்டாபேஸ் இல்லை, மெயில் பெட்டி இல்லை. நிலையான பக்கத்தை எடுத்துக் கொடுக்க சர்வருக்கு வேலையே இல்லை, அதனால் என்ட்ரி புரோசஸ் தீரவும் தீராது. எத்தனை டொமைன் வேண்டுமானாலும் ஒரே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு இதைவிட மலிவான, தொல்லையில்லாத ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. கற்றுக்கொள்கிறவர்களுக்கும், பரிசோதனைக்காகத் தளம் போட்டுப் பார்க்கிறவர்களுக்கும், எழுத்து மட்டுமே கொண்ட சிறு வலைப்பதிவுக்கும் அன்லிமிடெட் தாராளமாகப் போதும். முதல் தவணை விலை ஒன்றாகவும் புதுப்பிக்கும் விலை வேறாகவும் இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இது இரண்டு வகைப் பிளானுக்கும் பொருந்தும்.

படம் நிறைய உள்ள தளம், கடை, உறுப்பினர் தளம், நிறைய மெயில் பெட்டிகள் என்றால் கோட்டா பிளான் எடுங்கள். வாங்குவதற்கு முன் சப்போர்ட்டுக்கு ஒரு டிக்கெட் போட்டு ஐநோடு, என்ட்ரி புரோசஸ், மெமரி, டிஸ்க் வேகம் நான்கும் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். நான்குக்கும் எண்ணாகப் பதில் வந்தால், அவர்கள் அதை எந்தப் பெயரில் விற்றாலும் பரவாயில்லை, நம்பி வாங்கலாம். அன்லிமிடெட் என்று விற்பவர்களிலும் நேராக எண்ணைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் பிரச்சினை வரும் நாளிலும் அதே பதில்தான் வரும்.

இப்போது பறவைத் தளத்தின் மூலப்படங்களை மட்டும் ஹோஸ்டிங்கிலிருந்து எடுத்து ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (ஃபைல்களைச் சேமிப்பதற்கென்றே இருக்கும் தனிச் சேவை) மாற்றிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஐநோடு தொல்லை இல்லை. ஆனால் சேமிக்கும் ஜிபிக்கு ஒரு கணக்கு, வெளியே போகும் ஜிபிக்குப் பல இடங்களில் இன்னொரு கணக்கு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு கணக்கு என்று பில்லில் தனித்தனி வரிகள் வரும். சிறிய அளவுப் பிரதிகளை ஹோஸ்டிங்கிலேயே வைத்துவிட்டு மூலத்தை மட்டும் நகர்த்தினால் கோரிக்கைகள் கட்டுக்குள் இருக்கும் என்பது என் திட்டம். பாதிப் படங்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன, சில மாத பில்கள் கைக்கு வந்ததும் அந்த எண்களோடு தனியாக எழுதுகிறேன்.